வறண்ட ஊர் வண்டி

காரைப் பார்க்கச் சனிக்கிழமை காலையில் ஆள் அனுப்புவதாக, பழைய கார்களை வாங்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போனில் சொன்னபோது, எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டுச் சுவர் ஜன்னலுக்கு மேல்மட்டம் வரை எழும்பி நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. என் மனைவிக்கு அவள் அப்பா வழியில் வந்த இரண்டரை சென்ட் இடம். ஓர் அறை, அதையொட்டி ஓர் அடுப்படி. கையில் இருந்ததைப் போட்டுச் சுவர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம். மேலே கான்கிரீட் போட வழியில்லை. பந்தல்குடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், தை பிறப்பதற்குள் காலி செய்துவிடச் சொல்லியிருந்தார். அவருடைய மகன் ரோட்டோரம் இருக்கும் அந்த இடத்தில் டயர்க் கடை வைக்கப் போகிறார். கார் விற்றால் கூரை. விற்காவிட்டால் எங்கே போவது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

"கூரையில்லாத கார வித்து வீட்டுக்குக் கூரை போடப் போறீக. ஊர்ல கேட்டா சிரிப்பாக," என்று என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்தபடிதான் இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் அந்தக் காரைப் படுதாக் கார் என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பே செய்த வண்டி. சந்தன நிறம், இரண்டே கதவு. தலைக்கு மேலே தகரம் கிடையாது. வளைந்த கம்பிகளின் மேல் தைத்த படுதாவை இழுத்துவிட்டால் மூடிக்கொள்ளும். மடக்கினால் பின்சீட்டுக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொள்ளும். அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தின் கார் அது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பல இடங்களில் அலைந்து, கடைசியில் அவர்கள் வீட்டில் வண்டி கழுவச் சேர்ந்தேன். பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டேன். பெரிய முதலாளி காலமானதும் மகன்களுக்கு அந்தப் பழைய வண்டி வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவியின் சங்கிலியையும் இரண்டு வளையலையும் விற்று அதை வாங்கினேன். அவளாகத்தான் கழற்றிக் கொடுத்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும்.

கல்யாணத்துக்குத்தான் கார் ஓடியது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கோயிலிலிருந்து மண்டபம் வரை. நரிக்குடி, திருச்சுழி, ரெட்டியபட்டி, எங்கே கூப்பிட்டாலும் போவேன். மூன்று பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. கடையில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கவும் கூச்சப்படுகிறவன். ஆனால் அந்தத் திறந்த காரில் ஊரே கூடி நிற்கும் தெருவில் என்னால் நிம்மதியாகப் போக முடிந்தது. எல்லாக் கண்ணும் பின்சீட்டில் மாலையோடு இருக்கிறவர் மேல்தான். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. அதைவிட நல்ல மறைவிடம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

கொஞ்ச வருடமாக அழைப்பு குறைந்துவிட்டது. மாப்பிள்ளைகள் இப்போது கூரையைக் கழற்றிய பெரிய ஜீப்பில் வருகிறார்கள். டிராக்டரில் வருகிறார்கள். சென்ற ஆவணியில் பந்தல்குடி பக்கத்தில் ஒருவர் மண் அள்ளும் எந்திரத்தின் வாளியில் நின்று வந்தார். அதைப் படம்பிடிக்க மேலே கேமரா ஒன்று பறந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வருடம் முழுக்க நான்கே கல்யாணம்.

அதற்கு முன்னால் நரிக்குடியில் ஒரு கல்யாணத்தில்தான் மதுரைக்காரர் ஒருவரைப் பார்த்தேன். பெண் வீட்டுக்கு வந்திருந்தவர். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே காரைச் சுற்றி வந்தார்.

"அண்ணே, இது வறண்ட ஊரு வண்டி. இதே கார் மெட்ராஸ்ல இருந்திருந்தா இந்நேரம் அப்பளமா நொறுங்கியிருக்கும். இந்த மாதிரி வண்டிய வாங்குறதுக்குன்னே கிறுக்கங்க அலையிறாங்க. துரு மட்டும் இல்லைன்னு வைங்க, கண்ண மூடிக்கிட்டு அஞ்சு லட்சம்."

வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அஞ்சு லட்சத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அதைத் தன் அண்ணனிடம் சொன்னாள். அவர் கொத்தனாரிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் சுவர் எழும்பியது.

துரு இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கண் போதாது. என்னிடம் ஒரு பழைய ஒரு ரூபாய்க் காசு இருக்கிறது, இப்போது வருகிற மாதிரி இல்லாமல் கனமானது. அதன் விளிம்பால் தட்டினால் நல்ல தகரம் கிண்ணென்று பதில் சொல்லும். உள்ளே பட்டி பூசிச் சரிக்கட்டிய இடம் சுவரைத் தட்டியதுபோல வாய் பேசாது. அடியில் துரு தின்றுவிட்டு மேலே பெயிண்டு மட்டும் நிற்கிற இடமோ காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி ஒலிக்கும். முன்மூடி, கதவு, பின்பக்கம் என்று மாதம் ஒருமுறையாவது தட்டிப் பார்ப்பேன். எல்லாம் கிண்ணென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. கதவுகளுக்குக் கீழே மட்டும் நான் தட்டமாட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. தகரக் கூரை உள்ள காரில் கூரையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். படுதாக் காரில் மேலே தாங்க ஒன்றுமில்லை. முழுப் பாரமும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி போன்ற தகரத்தில்தான் நிற்கிறது. அதைக் கீழ்ச்சட்டம் என்போம். அது போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்வதைக் கதவு முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு வருடமாக, பின்சீட்டில் ஆள் ஏறி உட்கார்ந்தபின் கதவைக் கொஞ்சம் தூக்கி அழுத்தினால்தான் பூட்டுகிறது. "மாப்பிள்ள கனமான ஆளு," என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வேன். நான் வாய் திறந்து சொல்கிற ஒரே வேடிக்கை அது. எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அது வேடிக்கையில்லை என்று தெரியும்.

வியாழக்கிழமை காரை அருப்புக்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டித் தகரத்தைத் தட்டிச் சரிசெய்யும் டிங்கர் வேலை செய்கிறவன் என் வயசுக்காரன். சின்ன வயசில் ஒரே இடத்தில் வண்டி கழுவினோம். அவன் காரை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு அடியில் படுத்தான். பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏலே, இத யாருக்கிட்ட விக்கப் போற?"

"கோயம்புத்தூர்க்காரவுக."

"அவுக கண்ணு தெரிஞ்சவுகளா?"

அவன் வெளியே வந்து சட்டையைத் தட்டினான். துருத்தூள் அவன் மார்பில் மிளகாய்ப்பொடி மாதிரி ஒட்டியிருந்தது.

"மேல மாப்பிள்ள மாதிரி இருக்கு. கீழ கெழவன். சரி விடு. பட்டி வச்சு, தாரடிச்சு விட்டுருவோம். கறுப்பா இருந்தா யாருக்கு என்ன தெரியப் போகுது? ஓட்டிட்டுப் போயிட்டாம்னா அப்புறம் அவன் பாடு."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாய்க்குள் அந்தச் சொல் இருந்தது. அவன் ஏற்கனவே தார் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். என்னால் ஒரு காரியத்தை வேண்டும் என்றும் சொல்ல முடிவதில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடிவதில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் கறுகறுவென்று அடிவயிறு பளபளக்க வீட்டுக்கு ஓட்டிவந்தேன். என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கே," என்றாள். அவளிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. மதுரை வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி பந்தல்குடியில் இறங்கி நடந்து வந்திருந்தார். கார் வாங்குகிற முதலாளிக்காக ஊர் ஊராகப் போய்ப் பழைய வண்டிகளைப் பார்த்து விலை சொல்வதுதான் அவருடைய வேலையாம். எங்கள் டிங்கரும் பேச்சுக்குத் துணையாக வந்திருந்தான்.

"வணக்கமுங்கண்ணா. வண்டி அழகா இருக்குதுங்க," என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

துணிப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க அதை ஒரு கைக்குட்டைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தார். முன்மூடியில் வைத்தார், பற்றிக்கொண்டது. கதவில் வைத்தார், பற்றிக்கொண்டது. பின்பக்கமும் அப்படியே. என் மனைவி வாசலில் நின்று, காந்தம் ஒட்டும் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள்.

"மேல எல்லாம் கம்பெனித் தகரம்தானுங்க. பட்டி இல்லீங்க. நல்லா வச்சிருக்கீங்க."

"கொழந்த மாதிரி வச்சிருக்காருய்யா," என்றான் டிங்கர். "வாராவாரம் குளிப்பாட்டுவாரு."

அவர் அப்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். டிக்கியைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தார். உள்ளே மிதியடியைத் தூக்கினார். பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணா, நீங்களும் அவரும் பின்னாடி ஏறி உக்காருங்க," என்றார்.

நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தோம். பதினெட்டு வருடத்தில் அந்தப் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் கதவை மெல்லச் சாத்தினார். பூட்டவில்லை. இன்னொரு தடவை சாத்தினார். பூட்டின் நாக்கு சட்டத்தில் இடித்துத் திரும்பியது. அவர் தூக்கி அழுத்தவில்லை. அந்த இடைவெளியில் ஒரு விரலை வைத்து, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பார்த்தார். மேலே விரல் நுழையவில்லை. கீழே ஒன்றரை விரல் போனது.

"இறங்கிக்கங்க," என்றார். இறங்கினோம். கதவு பேசாமல் பூட்டிக்கொண்டது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் என் மனைவிக்குத் தெரியவில்லை. அவள் டீ போட உள்ளே போனாள்.

அவர் ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். ஆள்காட்டி விரலால் தாரைத் தொட்டு வெளியே நீட்டிக் காட்டினார். விரல் நுனி கறுப்பாக இருந்தது.

"இது இன்னும் காயவே இல்லீங்களே."

"பாதுகாப்புக்கு அடிச்சதுய்யா," என்றான் டிங்கர்.

"யாருக்குப் பாதுகாப்புங்க?"

டிங்கர், போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தவன் திரும்பி வரவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கிருந்து போய்விட முடிந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

அவர் அடியிலிருந்தே கேட்டார்: "அண்ணா, கீழ்ச்சட்டத்துல தண்ணி வடியறதுக்கு ஓட்டை இருக்கோணுமே, எங்கீங்க? கதவுக்கடியிலயும் இருக்கோணும். ஒண்ணையும் காணோம். யாருங்க அடைச்சது?"

"நாந்தாங்க," என்றேன்.

"எதுக்குங்க?"

அதைத்தான் நான் இங்கே எழுத வேண்டும். கார் வாங்கிய இரண்டாம் வருடம், திருச்சுழியைத் தாண்டி ஒரு ஊருக்கு மாப்பிள்ளை பெண் இருவரையும் மறுவீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மழை பெய்து நாளாகியிருந்தது. ரோடு போடாத பாதை. கரிசல் புழுதி காரின் அடியில் இருந்த ஓட்டைகள் வழியாகப் பொங்கிப் பொங்கி உள்ளே வந்தது. இறங்கும்போது பெண்ணின் பட்டுச்சேலை முழங்கால் வரை சாம்பல் நிறமாகியிருந்தது. பெண்ணின் அம்மா ஊரார் முன்னால் என்னை ஏசினார்கள். "காரா ஓட்டுற, கழுதையா மேய்க்கிற? என் மக கூறைச் சேலைய இப்படியாக்கிட்டயே, நீயெல்லாம் ஒரு ஆளா?" அத்தனை பேரும் முதல்முறையாக முன்சீட்டைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் தாரையும் சைக்கிள் டியூப் துண்டுகளையும் வைத்து அடியில் இருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் அடைத்தேன். ஒன்றுவிடாமல். அவை எதற்காக இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. செய்தவன் மறந்துபோய் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு புழுதி வரவில்லை. யாரும் என்னை ஏசவில்லை. நான் ஒரு நல்ல வேலை செய்துவிட்டதாக வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் அடியில் படுத்தபடியே கேட்டார். பிறகு வெளியே வந்து உட்கார்ந்தார்.

"கழுவறது எந்தத் தண்ணீங்க?"

வீட்டுப் பக்கத்தில் இருந்த ஆழ்துளைக் கிணற்றுப் போர்க் குழாயைக் காட்டினேன். அவர் எழுந்து போய்க் குழாயைப் பார்த்தார். அதன் வாயைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு உடனே துப்பினார்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் அப்படித்தான். குடிதண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும்; குடத்தில் பிடித்து மூடி வைப்போம். அதில் காரைக் கழுவினால் தெருவே அடிக்க வரும். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும், அதற்கு மேல் வெள்ளிக்கிழமைதோறும், நான் போர்த் தண்ணீரைக் குழாய் போட்டுப் பீய்ச்சித்தான் கழுவினேன். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும். மஞ்சள் கறை, பன்னீர், மிதிபட்ட பூ, சரிகைத் தூள் எல்லாம் போக வேண்டுமே. பீய்ச்சிய தண்ணீர் எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. கீழே வடியவில்லை என்பதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வாசல் சேறாகாது.

"ஒரு இடத்துல குத்திப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். "உங்க வண்டி. வேண்டாம்னா விட்டர்றேனுங்க."

நான் தலையை ஆட்டினேன். சரி என்றா, வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியாது. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

திருப்புளியை எடுத்து, கதவுக்குக் கீழே, தார் பூசிய கீழ்ச்சட்டத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். தட்டவில்லை, ஓங்கிக் குத்தவில்லை, அழுத்தினார். வெண்டைக்காயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே இழுத்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினார். டிங்கர் வைத்த பட்டி ஒரு பெரிய பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னாலேயே அரிசி கொட்டியது.

கல்யாண வண்டிக்கு மேல் எல்லோரும் எறிகிற அட்சதை அரிசி. கைப்பிடி கைப்பிடியாக எறிவார்கள். கதவுக் கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாகவும், விரிப்பின் ஓரம் வழியாகவும் அது உள்ளே போயிருக்கிறது. போன அரிசியை நான் தண்ணீர் பீய்ச்சி இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்தது. இப்போது துருவில் ஊறிச் செங்கல்பொடி நிறம். கட்டி கட்டியாக விழுந்தது. நடுநடுவே கறுத்துப்போன பூநார், ஒரு சட்டைப் பொத்தான், வெள்ளிக் காகிதத் துணுக்குகள், உள்பக்கமாகப் பெயர்ந்த தகரச் செதில்கள். ஈர வாடை அடித்தது. புரட்டாசி வெயிலில், மழையே இல்லாத ஊரில், அந்தக் கீழ்ச்சட்டத்துக்குள் மட்டும் பதினாறு வருடமாக ஈரம் இருந்திருக்கிறது.

என் மனைவி டீயோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னது இது, அரிசியா?"

அவர்தான் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அக்கா, மழையில கெட்ட வண்டி பாத்திருக்கேனுங்க. கடல் காத்துல கெட்டதும் பாத்திருக்கேன். கழுவிக் கழுவியே கெட்ட வண்டிய இப்பத்தானுங்க பாக்கறேன்." அவர் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அவருக்கே வருத்தமாக இருந்தது. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உங்க ஊரு வண்டின்னு கேட்டதும் எங்க மொதலாளி பாக்காமயே நாலு லட்சம் சொல்லிட்டாருங்க. நாந்தான் ஒரு எட்டு பாத்துட்டு வந்தர்றேன்னு வந்தேன்."

பிறகு அவர் முதலாளிக்குப் போன் போட்டு, படம் தெரிகிற மாதிரி பிடித்து, துளையைக் காட்டினார், அரிசியைக் காட்டினார், கதவைத் திறந்து மூடிக் காட்டினார். போனில் இருந்த குரல் முதலில், "அச்சச்சோ," என்றது. பிறகு வேறு மாதிரியாகப் பேசியது. இஞ்சின் ஓடுகிறதா, கண்ணாடி விரிசல் இல்லாமல் இருக்கிறதா, ஸ்டியரிங் அந்தக் காலத்து ஸ்டியரிங்தானா, படுதாக் கம்பிகள் வளையாமல் இருக்கின்றனவா, ஆர்.சி. புக் சரியாக இருக்கிறதா. அவரிடம் இதே மாதிரி இன்னொரு கார் இருக்கிறதாம். அதற்கு உதிரியாகப் போட இதைக் கழற்றிக்கொள்ளலாம் என்றது குரல்.

அவர் போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எழுபதுங்கண்ணா. ஆயிரம். உடம்பு தகரத்துக்கு வெல இல்லீங்க. வேற ஆளுக்குக் காட்டிப் பாக்கறதுனாலும் பாருங்க. நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நாங்கள் பேரம் பேசவில்லை. என் மனைவி மட்டும், "ஒரு லட்சமாக் குடுக்கக் கூடாதாய்யா? கூரை போடச் சென்ட்ரிங் ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கோம்," என்று கேட்டாள். அவர் மறுபடி போன் போட்டார். எழுபத்தைந்து என்று வந்தது.

அவர் போனபின் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் துடைப்பத்தை எடுத்துவந்து அந்த அரிசியைக் கூட்டினாள். கூட்டிவிட்டுக் கொஞ்சத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"எத்தன பேரு கல்யாணம் இது," என்றாள்.

பிறகு, "ஓட்டைய அடைக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள். கேட்டிருந்தால் அவளுக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும். ஆனால் அவள் கேட்டது ஓட்டையைப் பற்றி இல்லை. கதவு பூட்டாததையும், டிங்கர் சொன்னதையும், தார் அடித்ததையும் நான் அவளிடம் சொல்லாமல் இருந்ததைப் பற்றி. இரண்டு வருடமாகக் கதவைத் தூக்கித் தூக்கி அழுத்திக்கொண்டிருந்தவன், கொத்தனாரை ஒருநாள் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சுவருக்குப் போட்டதை வைத்து ஓலை வீடாவது முழுசாகக் கட்டியிருக்கலாம். நான் வாய் திறக்கவில்லை. கார் மேல் நம்பிக்கை இருந்ததால் இல்லை. சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று பார்க்கப் பயந்து.

அன்றைக்கு அவள் அழவில்லை. கூட்டிய அரிசியைக் குப்பையில் போட்டாள். பக்கத்து வீட்டுக் கோழி வந்து இரண்டு தடவை கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் லாரி வந்தது. பலகையைச் சாய்த்து என்னையே ஓட்டி ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். முன்சக்கரம் பலகையில் ஏறும்போது வலதுபக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. இறங்கிவந்து அதைத் தூக்கி அழுத்திப் பூட்டினேன். அது பழக்கம். லாரிக்காரர், "கழட்டப் போற வண்டிக்கு எதுக்குண்ணே பூட்டு?" என்று சிரித்தார்.

ஆவணி பிறக்கும்போதே கல்யாணத்துக்குக் கார் பேசி வைத்திருந்த ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் இருந்தார். கார் இல்லை என்று அவரிடம் சொல்லப் போகவேண்டும். மூன்று தடவை அந்தத் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். கடைசியில் என் மனைவிதான் போய்ச் சொன்னாள். "பரவாயில்லத்தா, நாங்க ஜீப்புதான் வேணும்னு நெனச்சிட்டு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தோம்," என்றார்களாம்.

எழுபத்தைந்தாயிரத்தில் கான்கிரீட் முடியவில்லை. இரும்புக் குழாயைக் குறுக்கே போட்டுத் தகரம் வேய்ந்தோம். மார்கழிக் கடைசியில் குடிவந்தோம். இப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன். வருகிற போகிற வண்டி எண்களை நோட்டில் எழுத வேண்டும். அந்த அளவுக்குப் படிப்பு இருக்கிறது.

இந்தச் சித்திரையில் வெயில் தாங்கவில்லை. மதியம் தகரத்துக்குக் கீழே இருக்க முடியாது. உள்ளே வைத்த தண்ணீர் சுடுகிறது. எங்கள் தெருவில் தகரம் போட்ட எல்லா வீட்டிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, கூரை மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். பொதுப் போர்க் குழாயில் பிடித்த உப்புத் தண்ணீர்தான். கொஞ்ச நேரத்துக்குச் சூடு அடங்கும். ஒரு தூக்கம் போடலாம்.

எனக்கு வேலை இல்லாத ஒரு நாள், என் மனைவி ஏணியில் ஏறி நின்று செம்பால் மொண்டு மொண்டு கூரையில் வீசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சுர்ரென்று காய்ந்து, தகர மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. நான் எட்டி, என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற அந்தக் காசால் ஓரத் தகரத்தைத் தட்டினேன். கிண்ணென்றுதான் சொன்னது. ஆணி அடித்த துளையைச் சுற்றி மட்டும், கடுகு அளவுக்கு ஒரு செம்பழுப்பு வட்டம்.

"இப்ப என்னத்தத் தட்டிப் பாக்குறீக?" என்றாள் மேலிருந்து.

"ஒண்ணுமில்ல."

அவள் முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. இந்தத் தண்ணீரை ஊற்றாதே என்று சொன்னால் வேறு எந்தத் தண்ணீரை ஊற்றுவாள். ஊற்றாவிட்டால் உள்ளே எப்படி இருப்பாள். இத்தனை வருடம் பேசாமல் இருந்தவன், பேச வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"வாளி காலியாயிருச்சு," என்றாள். "சும்மா நிக்காம அடுத்தத எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.